ஒரு கண்ணில் மட்டும் இருந்தது

என் அலுமாரியின் மேல்தட்டில், உடுக்காத சேலைகளுக்குப் பின்னால், மரத்தால் செய்த கண்ணாடி ஒன்று இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கிடக்கிறது. மூக்கில் போடுகிற கண்ணாடி அல்ல, முகம் பார்க்கிற கண்ணாடியும் அல்ல. கண்ணை வைக்க இரண்டு வில்லைகள், அவற்றைச் சுற்றி வெளிச்சம் புகாதபடி ஒரு கூடு, முன்னால் நீளும் ஒரு தடி, தடியின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு குறுக்குக்கட்டை. அந்தக் கட்டையில் படம் ஒட்டிய அட்டையைச் செருகவேண்டும். அட்டையில் ஒரே படம் இரண்டு தரம் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். ஒரே படம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் ஒன்று இடக்கண் பார்த்தது, மற்றது வலக்கண் பார்த்தது. வில்லையில் கண்ணை வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மரங்கள் முன்னுக்கு வரும், மனிதர்கள் நிலத்தை விட்டு எழும்பி நிற்பார்கள். அதை வைத்திருந்த ஓவசியர் அதை இரட்டைக் கண்ணாடி என்பார். போன கிழமை அக்காவின் மகன் வந்து, "சித்தி, அந்தப் பழைய அட்டையை ஒருக்காத் தாங்கோ, கணினியில போட்டுத் திருத்தி, நிறம் குடுத்துத் தாறன்" என்று கேட்டான். வங்கியில் வேலை, பழைய படங்களைத் திருத்துவது அவனுக்குப் பொழுதுபோக்கு. கண்ணாடியோடு மிஞ்சிய அந்த ஒரே அட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அன்றைக்கு என்ன நினைத்தேனோ, கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த அட்டைக்கு முதலில் நிறம் கொடுத்தவள் நான்தான். கிளிநொச்சியில் அக்காவின் புருஷன், என் அத்தான், ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு மின்சாரம் போனது. பிறகு படச்சுருள் போனது, பற்றரி போனது, மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து கிடைத்தது. அத்தான் சளைக்கவில்லை. இருட்டறையின் கூரையில் ஒரு ஓட்டையைப் போட்டு, அதற்குக் கீழே கண்ணாடித் துண்டொன்றைச் சரித்துவைத்து, வெயிலை உள்ளே இறக்கிப் படம் கழுவினார். முகில் மூடினால் கடையும் மூடும். கறுப்பு வெள்ளையாக வெளியே வருகிற படத்துக்குச் சாயம் தீட்டுவது என் வேலை. சாயம் தோய்த்த தாள்களைக் கட்டிய சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் நகமளவு வெட்டித் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும். ஈர்க்கில் பஞ்சைச் சுற்றித் தொட்டுத் தொட்டுத் தீட்டவேண்டும். என் கை நல்ல கை. அதை நானே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, வாய் கொஞ்சம் நீளம். "படத்துக்குப் பூசுற பசையில கொஞ்சம் உன்ர வாய்க்கும் பூசு" என்பாள் அக்கா.

வந்த வேலையில் முக்கால்வாசி செத்தவர்களின் படங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைக் கொண்டுவந்து, பெரிதாக்கி நிறம் தீட்டித் தரச் சொல்வார்கள். போட்டிருக்கிற சேட்டு நீலமாக இருக்கட்டும் பிள்ளை, அவனுக்கு நீலம்தான் விருப்பம் என்று தாய்மார் பக்கத்தில் இருந்து சொல்வார்கள். நான் கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்பு வைப்பேன், உதட்டுக்குக் கொஞ்சம். கீறலை மறைப்பேன், புள்ளியை எடுப்பேன். போய்விட்ட முகத்தில் இரத்தம் ஏற்றுவது பெரிய வித்தை என்று எனக்கு ஒரு நினைப்பு. எது உண்மையில் இருந்தது, எது நான் வைத்தது என்று தாய்க்கே தெரியாமல் செய்வதில் ஒரு பெருமை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஓவசியர் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்தவர். நீர்ப்பாசனத்தில் வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவியும்தான். மனைவியை நாங்கள் ஓவசியரம்மா என்போம். ஓவசியருக்கு எதையும் கவட்டால், காலை எட்டி வைத்து எண்ணி, அளக்கிற பழக்கம். உங்கள் வீட்டிலிருந்து சந்தி எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிட்டத்தான் என்று எங்களைப்போலச் சொல்லமாட்டார். முன்னூற்றுப் பத்துக் கவடு என்பார். குண்டுக்கு ஒளியப் பங்கர் எங்கே வெட்டுவது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மரத்தின் வேர் சுவரைத் தின்னும் என்று எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவோம். அவர் வந்து நடந்து பார்ப்பார், குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார், பிறகுதான் வாய் திறப்பார். அவர் சொன்னால் சரி. ஒழுங்கையில் முப்பது குடும்பத்துக்கும் அதுதான் கணக்கு.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் மழைக்குள் எங்கள் பக்கம் வந்து கொட்டுப்பட்டது. றோட்டோரப் பள்ளத்துத் தண்ணீரைச் சேலைத் தலைப்பால் வடித்துக் குடித்த சனத்தை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தில் போனது. ஓவசியர்தான் குழி வெட்டினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. நாளைக்கு எங்கள் முறை வரும், அப்போது இந்த முப்பது குடும்பத்தை எங்கே கொண்டுபோவது, அங்கே தண்ணீர் இருக்குமா. இதைத்தான் அவர் காண்கிற ஆளிடமெல்லாம் கதைத்தார். கேட்டவர்கள் அபசகுனமாக் கதைக்காதையுங்கோ ஓவசியர் என்று எரிந்து விழுந்தார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறு மாசியில் ஒரு நாள் காலை தகரத்தால் செய்த பிஸ்கற் பேணி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். உள்ளே இந்தக் கண்ணாடியும் பன்னிரண்டு அட்டைகளும் இருந்தன. குளம் கட்டின காலத்தில் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் எடுத்த படங்களாம். பழைய பங்களாவின் அலுமாரியில் கிடந்தவற்றை, கூரை விழுந்தபோது இவர் எடுத்து வைத்திருந்தார். மற்றப் பதினொன்றும் அணைக்கட்டு, தண்ணீர் திறந்துவிடுகிற துருசு, யானை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றை. கனகராயன்குளத்துக்கு மேற்கே காட்டுக்குள் அவர்கள் போட்டிருந்த கூடார முகாம். வரைபடமெல்லாம் எப்போதோ எரிந்துவிட்டது, அந்த இடத்துக்கு இனி இந்த அட்டைதான் சாட்சி என்றார். "வெள்ளைக்காரன் சும்மா இடத்தில கூடாரம் அடிக்கமாட்டான், பிள்ளை. மேட்டு நிலமா இருக்கும், கிட்டத் தண்ணி இருக்கும். கழுவித் திருத்தி நிறம் தீட்டித் தா. எது நிலம், எது நீர், எது நிழல் எண்டு எனக்கு விளங்கவேணும்."

அட்டை பாவமாக இருந்தது. ஒரு மூலையையும் உள்ளே ஓரிடத்தையும் கறையான் தின்றிருந்தது, படத்தின் மேல் பூஞ்சணம். அட்டையை ஊறவைத்து, இரண்டு படங்களையும் தனித்தனியே உரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் காயவைத்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க முகாம் தெரிந்தது. நடுவில் கூடாரம், அதன் முன்னால் கதிரையில் ஒரு வெள்ளைக்காரர், வலப்பக்கம் பெரிய பாலை மரம், இடப்பக்கம் நிலம் அளந்தவர்கள் நட்ட, நெஞ்சளவு உயரமான ஓர் அளவுக்கல். கல்லுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வெளியில் ஆறு கூலியாட்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசி ஆள் மற்றவர்களிலிருந்து கொஞ்சம் விலகி நின்றார். கையில் ஒரு கயிற்றுச் சுருள். அவருடைய காலடியில், இடக்கண் படத்தில், நெல்மணி அளவில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. வலக்கண் படத்தில் அதே இடத்தைக் கறையான் தின்றிருந்தது. அங்கே வெறும் ஓட்டை.

இந்த வகைப் படத்தைத் திருத்துவதற்கு அத்தான் ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் இளவயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தபோது பழகிய சட்டம். "ரெண்டு கண்ணிலயும் இருந்தால் பொருள். ஒரு கண்ணில மட்டும் இருந்தால் கறை." நல்ல சட்டம்தான். காகிதத்தில் பட்ட அழுக்கு ஒரு படத்தில்தான் படும். உலகத்தில் இருந்த பொருள் இரண்டிலும் விழும். அந்தச் சட்டத்தை வைத்து நான் அந்த அட்டையில் ஐம்பது புள்ளியாவது எடுத்திருப்பேன், ஒன்றும் பிழையாகவில்லை. உரிக்க முதல் ஒரு தரம் அட்டையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்திருந்தேன். அந்தக் கறுப்பு வட்டம் மட்டும் மற்றக் கறைகளைப்போல இல்லாமல் மினுங்கிற்று. நிலத்திலும் இல்லை, நிலத்துக்கு மேலும் இல்லை. பார்க்கப் பார்க்கக் கண் வலித்தது. என்னையே பார்க்கிறது என்று ஒரு எண்ணம் வந்து கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். அத்தானிடம் காட்டினேன். அவர் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். மற்றப் படத்தில் இருக்கோ என்றார். இல்லை என்றேன். அப்ப எடு என்றுவிட்டு வாசலுக்குப் போனார்.

மற்றப் படத்தில் இல்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அந்த இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இல்லாத இடத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். சாயம் கறுப்பை மூடாது என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் கீற வைத்திருக்கும் போஸ்டர் வெள்ளையைத் தடவி வட்டத்தை மூடினேன். வலப்படத்தின் ஓட்டைக்கு மெல்லிய கடதாசி ஒட்டினேன். பச்சைத்தாள் முடிந்துபோயிருந்ததால் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, இரண்டிலும் புல் தீட்டினேன். ஒவ்வொரு புல்லாக, ஊசி முனையால், முழுதாகப் பதினொரு நாள். கூடாரத்துக்கு மஞ்சள், வெள்ளைக்காரருக்குச் சிவப்புக் கன்னம், கூலியாட்களுக்கு மண்நிறம், கயிற்றுக்கு வைக்கோல் நிறம். புதிய அட்டையில் ஒட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, அம்மாடி, நான் என்னையே மெச்சிக்கொண்டேன். காட்டுக்குள் ஒரு பச்சை முற்றம் விரிந்து கிடந்தது. காலைத் தூக்கி உள்ளே வைக்கலாம்போல இருந்தது.

ஓவசியர் அதை வெகுநேரம் பார்த்தார். அவரோடு அவருடைய வயலில் வேலை செய்கிற ஒருவரும் வந்திருந்தார். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கனகராயன்குளத்தில் குடியேறிய மலையகத்துக்காரர். கனகராயன்குளத்தார் என்றே அவரைக் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். காட்டுக்கு விறகு வெட்டப் போகும்போது அந்த அளவுக்கல்லைக் கண்டவர் அவர்தான். ஓவசியர் கண்ணாடியை அவரிடம் நீட்டினார். அவர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். எங்க ஆளுங்க மாதிரி இருக்காங்க என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இந்தக் கடைசியில நிக்கிறவரு கையில கயிறு வச்சிருக்காருங்களே. ஏன் கயிறு? அந்தப் பக்கம் பாழுங்கெணறு ஒண்ணு இருக்குன்னு எங்க மாமனாரு சொல்லுவாருங்க."

கூடாரக் கயிறு என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். கூடாரம் இருந்தால் கயிறு இருக்காதா என்று ஒரு நக்கலும் விட்டேன். ஓவசியர், மாமனார் கண்டவரா என்று அவரிடம் கேட்டார். அவரும் கேள்விப்பட்டதுதான் என்றார் கனகராயன்குளத்தார். ஓவசியர் தலையை ஆட்டினார். ஒருவர் சொல், அதுவும் கேட்ட சொல். அட்டையில் பச்சையாக, துப்புரவாக, இரண்டு கண்ணுக்கும் புல்தான் தெரிந்தது. கனகராயன்குளத்தார் கண்ணாடியை இரண்டு கையாலும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் மூடிய வட்டம் எனக்கு நினைவு வந்தது. பதினொரு நாள் வேலையை யார் குழப்புவது என்று விட்டுவிட்டேன்.

ஆடியில் எங்கள் முறை வந்தது. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிய ஷெல் ஏழு மணிக்குச் சந்தை வரை வந்துவிட்டது. அத்தான் இருட்டறைத் தட்டுகளைக்கூட எடுக்கவில்லை. முப்பது குடும்பமும் மூன்று உழவு இயந்திரத்திலும் சைக்கிள்களிலும் தெற்கே புறப்பட்டோம். முறிகண்டியில் எந்த வாகனமும் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு தேங்காய் உடைக்காமல் போகாது. அன்றைக்கு எங்கள் உழவு இயந்திரப் பெட்டிகள் நிற்கவில்லை. மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது, சாரதி மிதித்துக்கொண்டு போனான். பெட்டிக்குள் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓவசியர் மட்டும் பிஸ்கற் பேணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் அப்படி. மூன்று பெரிய கலன்களில் கொண்டுவந்த தண்ணீர் மாங்குளம் தாண்டவே பாதியாகிவிட்டது. காட்டுப் பாதையில் இறங்கி, கனகராயன்குளத்தார் முன்னால் முட்பற்றை வெட்டி வழி எடுக்க, பின்னேரம்போல அளவுக்கல்லைக் கண்டோம். பாலை மரமும் நின்றது, படத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பருத்து. கூடாரம் இருந்த இடத்தில் கூரையாகத் தறப்பாளை இழுத்துக் கட்டினோம். அடுத்த நாள் காலையில் கலன்களில் அடிமண்டிதான் இருந்தது. பிள்ளைகள் தண்ணீர் என்று அழக்கூட இல்லை, சுருண்டு படுத்திருந்தார்கள்.

வெயில் ஏற முதல் ஓவசியர் வேலையைத் தொடங்கினார். அட்டையைக் கண்ணாடியில் செருகிப் பிடித்துக்கொண்டு, இரண்டடி முன்னுக்கும் ஓரடி பின்னுக்குமாக நகர்ந்து, கல்லும் மரமும் படத்தில் உள்ளபடி வருகிற இடத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரரின் கமெரா நின்ற இடம். நடுக்காட்டில் ஒரு மனிதர் கண்ணாடியின் கூட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அதே காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை இறக்குவார், எதிரே பார்ப்பார், திரும்ப உயர்த்துவார். கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் இடுப்பளவுக்குப் புல். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் பச்சை. இன்றைக்கு நினைத்தால் அதுவே போதும், ஏன் அங்கே மட்டும் பச்சை என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். நாங்கள் எல்லாரும் அது படத்தில் இருந்தபடி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். ஓவசியர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீ தீட்டினமாதிரியே கிடக்கு, பிள்ளை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கனகராயன்குளத்தான் கிணறு எண்டு இன்னும் நிண்டு பிடிக்கிறான். நீதானே கழுவினனீ. திருத்த முதல் அந்த வெளியில ஏதும் கிடந்ததோ? வட்டமா, கறுப்பா, ஏதும்?"

வட்டமா, கறுப்பா. அவர் அந்தச் சொற்களைத்தான் சொன்னார். அத்தான் பத்தடி தள்ளித் தறப்பாள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றதை நான் கண்டேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஓம் ஐயா, ஒரு கண்ணில மட்டும் ஒண்டு இருந்தது என்றால் முடிந்தது. அவர் ஒரு தடியை எடுத்துக் குத்திக் குத்தி நடந்திருப்பார். ஆனால் சொன்னால், பிழை செய்தவள் என்று முப்பது குடும்பமும் என்னைப் பார்க்கும். அத்தான் சொன்னார், நான் எடுத்தேன் என்று சொல்லவேண்டி வரும். என் கையைப் பற்றி நானே பாடிய பாட்டெல்லாம் என் கண் முன்னால் நின்றது. இவ்வளவும் யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வெட்கம் அவ்வளவு வேகமானது.

"ஒண்டுமில்லை ஐயா" என்றேன். "வெறும் புல்லு. வடிவாப் பாத்துத்தான் தீட்டினனான்."

சரி என்றார். கண்ணாடியையும் அட்டையையும் ஓவசியரம்மாவிடம் கொடுத்தார். மண்ணைக் கிள்ளிப் பார்க்கத்தான் போனார். பச்சை இருந்தால் ஈரம் இருக்கும், எங்கே தோண்டலாம் என்று பார்க்க. கல்லில் கையை வைத்து, அங்கிருந்து மரத்தை நோக்கி வாய்விட்டுக் கவடு எண்ணிக்கொண்டு புல்லுக்குள் நடந்தார். பதினேழு வரை கேட்டது. பதினெட்டு கேட்கவில்லை. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. உக்கிய மரம் முறிகிற சத்தம், பிறகு கீழே எங்கேயோ தண்ணீர் அடிக்கிற சத்தம். முகாமைக் கலைத்துக்கொண்டு போனவர்கள் கிணற்றின் வாயை மரக்குற்றிகளால் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன்மேல் சருகு விழுந்து, மண்ணாகி, புல் முளைத்திருந்தது. நான் தீட்டிய அதே இடத்தில்.

கனகராயன்குளத்தார்தான் இறங்கினார். தறப்பாள் கட்டிய கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டி, ஏழெட்டுப் பேர் பிடிக்க, கல்லிடுக்கில் காலை வைத்து இறங்கினார். மேலே கொண்டுவரும்போது ஓவசியருக்கு உயிர் இல்லை. தலை கல்லில் அடித்திருந்தது. கனகராயன்குளத்தார் நனைந்த உடம்போடு கிணற்றங்கரையில் குந்தியிருந்து கயிற்றைச் சுருட்டினார். சுருட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். படத்தில் கடைசியாக நின்ற ஆள் அப்படியே நின்றார், அதே இடத்தில், அதே கயிற்றோடு. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழுந்து அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அத்தானும் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சாகும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரே வீட்டில் பத்து வருடம் ஒரு கோப்பையில் சாப்பிடாத குறையாக இருந்தோம், கதைக்கவில்லை. ஊர்ச்சனம் விதி என்றது.

கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. அதுதான் கொடுமை. கனகராயன்குளத்துப் பக்கமிருந்து ஒரு நாளைக்கு ஒரு கலன் தண்ணீர் வந்தது. எண்பது பிள்ளைகளுக்கு அது எந்த மூலைக்கு. ஆண்கள் இரண்டு நாள் கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, கரியும் உப்பும் போட்டார்கள். ஊற்று திரும்பத் திரும்பச் சுரந்தது. ஆனால் ஒருவரும் குடிக்கவில்லை. வாளி நிறையத் தண்ணீர் கரையில் இருக்க, சனம் சுற்றி நின்று பார்த்தது. ஐந்தாம் நாள் காலை ஓவசியரம்மா தறப்பாளுக்குள் இருந்து வெளியே வந்தா. நேரே போய் வாளியைச் சரித்து, கையில் ஏந்திக் குடித்தா. வாயைச் சேலையால் துடைத்துவிட்டுச் சொன்னா: "அவர் தேடின தண்ணி. குடியுங்கோ." அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு வார்த்தார்கள். நான் எட்டாம் நாள் குடித்தேன். இளநீர்போல இனித்தது. குடித்ததை ஒரு பற்றைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன், பிறகு தாகம் தாங்காமல் திரும்ப வந்து குடித்தேன்.

அங்கே ஒன்பது மாதம் இருந்தோம். முப்பது குடும்பத்திலும் ஒரு பிள்ளைகூட வயிற்றோட்டத்தில் போகவில்லை. பிரிகிற நாளில் ஓவசியரம்மா பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. மற்ற அட்டைகள் நனைந்து ஒட்டிப்போயின, இது ஒன்றுதான் மிச்சம், நீதானே அருமையாகச் செய்தனீ, நீயே வைத்திரு என்றா. அந்த மனுசியின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. வவுனியாவுக்கு வந்த பிறகு ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், பஞ்சை நனைத்து இடப்படத்தில் அந்தப் புல்லைத் துடைத்தேன். போஸ்டர் வெள்ளை பால்போலக் கரைந்து வந்தது. அடியில் வட்டம் அப்படியே இருந்தது. வில்லைக்குள் வைத்துப் பார்த்தேன். மினுங்கிற்று. மூடி அலுமாரியில் வைத்ததுதான்.

நேற்றுப் பின்னேரம் அக்காவின் மகன் மடிக்கணினியோடு வந்தான். பார்த்தால் சித்தி மயங்கி விழுவா என்று வாசலிலேயே பகிடி விட்டுக்கொண்டு வந்தான். திரையில் முகாம் பளிச்சென்று இருந்தது. என் மங்கல் சாயமெல்லாம் போய், பாலை மரத்தின் இலை இலையாகப் பச்சை, வெள்ளைக்காரரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. பதினொரு நாள் நான் செய்ததை அவன் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் செய்திருக்கிறான். கடைசி ஆள் கயிற்றோடு நின்றார். அவர் காலடியில் புல். ஒரு மறுவில்லாத, துப்புரவான புல்.

இந்த இடத்தில் ஒன்று இருந்ததே என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"அதுவோ? அது கறை, சித்தி. மற்றப் படத்தில அது இல்லை. கணினி தானாகவே எடுத்திட்டுது."

அவன் பிழை சொல்லவில்லை. நான் பழகிய அதே சட்டம்தான், இப்போது ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. நான் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். அவன் திருப்பிக் கொண்டுவந்த பழைய அட்டையைக் கட்டையில் செருகினேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"திருப்பிப் போடு" என்றேன். "அது கிணறு. அதுக்குள்ளதான் ஓவசியர் விழுந்தவர். விழ முதல் என்னட்டைக் கேட்டவர், அந்த வெளியில ஏதும் கிடந்ததோ எண்டு. நான் இல்லை எண்டு சொன்னனான்."

அவன் திரையின் பக்கம் திரும்பி ஏதோ ஒரு விசையைத் தட்டினான். நான் அங்கே பார்க்கவில்லை. கண்ணாடியை முகத்தில் வைத்து, வட்டம் மினுங்கத் தொடங்க முதல், அதைக் காணாத வலக்கண்ணை மூடினேன். ஆள் கயிற்றோடு நின்றார். அவருடைய காலடியில் கிணறு இருந்தது. அசையாமல் இருந்தது.